வெறும் உப்புத் தண்ணிதானே?

"வெறும் உப்புத் தண்ணிதானே... ஓடையில திறந்து விட்ருங்க!"

உப்பு நீச்சல் குளத்தை எப்படிக் காலி செய்வது என்று கேட்டால் சுலபமாகக் கிடைக்கிற யோசனை இது. கேட்க எவ்வளவு அப்பாவியாக இருக்கிறது! விஷம் இல்லை, ரசாயனம் இல்லை, சமையலறை ஜாடியில் இருக்கிற அதே உப்புதான். இதில் என்ன கெட்டுவிடப் போகிறது?

நிறையவே கெடும். அந்த ஒரு வரியில் இரண்டு பொய்கள் ஒளிந்திருக்கின்றன.

முதல் பொய், இதில் ரசாயனம் இல்லை என்பது. உப்பு நீச்சல் குளம் என்றால் குளோரின் இல்லாத குளம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அங்கே உப்பைப் போடுவதே குளோரின் தயாரிக்கத்தான். குளத்து நீர் ஒரு சிறு கருவி வழியாக ஓடும். அதில் பாயும் மின்சாரம் உப்பிலிருந்து குளோரினைப் பிரித்தெடுக்கும். கடையில் டப்பாவாக வாங்குவதை வீட்டிலேயே உற்பத்தி செய்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் குளோரினோடு தண்ணீரை ஓடையில் விட்டால் மீனும் தவளையும் அதற்குப் பலி.

இரண்டாவது பொய் "வெறும்" என்ற சொல். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்று ஒரு குளம். கொள்ளளவு 75,000 லிட்டர். இத்தகைய குளங்களில் லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு இருக்கும். 4 கிராம் என்றே வைத்துக்கொண்டால் மொத்தம் 300 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டையில் ஆறு மூட்டை! யாராவது ஆறு மூட்டை உப்பைத் தலையில் சுமந்து வந்து கண்மாயில் கொட்டினால் ஊரே கூடி அடிக்க வராதா? அதையே கரைத்துக் குழாய் வழியாக விட்டால் மட்டும் "வெறும் தண்ணி" ஆகிவிடுமா?

குளோரினாவது பரவாயில்லை. கருவியை அணைத்துவிட்டு வெயிலில் விட்டால் சில நாட்களில் போய்விடும். (வெயிலில் குளோரின் போகாமல் இருக்க மருந்து போட்டிருந்தால் இன்னும் நாளாகும். சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.) உப்பு அப்படி இல்லை. அது மக்காது, ஆவியாகாது, கிருமி தின்று தீர்க்காது. தண்ணீர் மேலே போகும், உப்பு கீழே தங்கும். தூத்துக்குடி உப்பளத்தை ஒரு தடவை பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி இதை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சோழபுரம் பக்கம் பொருத்திப் பாருங்கள். விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்கிற மழை ஓடையாக இறங்கிக் கண்மாயில் சேரும். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கடைசியில்தான் வைப்பாறு, அதற்கப்புறம் கடல். ஆனால் எல்லாக் கண்மாயும் நிறைந்து மறுகால் பாய்கிற வருஷம் எத்தனை? மற்ற வருஷங்களில் ஓடையில் விட்ட உப்பு கண்மாயிலேயே தங்கும், அங்கிருந்து கிணற்றுக்கு இறங்கும். "எப்படியும் கடலுக்குத்தானே போகும்" என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

தோட்டத்துக்குப் பாய்ச்சலாமா? மா மரத்துக்கு உப்பு ஆகாது. தென்னை ஓரளவு தாங்கும், மண் தாங்காது. உப்பில் இருக்கும் சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும். கரிசலில் அது நேர்ந்தால் பிறகு பெய்கிற மழைகூட உள்ளே இறங்கச் சிரமப்படும்.

சிலர் இன்னும் புத்திசாலித்தனமாக மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் திருப்பி விடுவார்கள். 2003-ல் தமிழகம் முழுக்க அதைக் கட்டாயமாக்கியது நிலத்தடி நீரைக் காப்பாற்றத்தான். அதன் வழியாக உப்பை இறக்குவது, மருந்து போக வேண்டிய ஊசியில் விஷத்தை ஏற்றுவது மாதிரி.

"ஒரு குளத்துக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு குளத்தால் ஒரு ஆறு சாகாது. ஆனால் உப்பு என்ன செய்யும் என்று தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு தடவை பெரிய அளவில் பார்த்துவிட்டது.

திருப்பூர். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு வேண்டும். சாயம் துணியில் பிடித்த பிறகு அந்த உப்பு அப்படியே கழிவு நீரோடு வெளியேறும். 1990-களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால் நிறத்தைக் குறைக்க முடிந்தது, கரைந்த உப்பை எடுக்க முடியவில்லை. அது நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. அணையில் தண்ணீரே தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தண்ணீர் வேண்டும் என்று போராடுகிற நாட்டில், இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று ஒரு போராட்டம்! நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 2009-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லின. அதன் பிறகும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியேறக் கூடாது என்ற விதிக்கு ஒரு ஊரே மாற வேண்டி வந்தது.

அங்கேயும் ஒவ்வொரு பட்டறையும் "நான் விடுவது கொஞ்சம்தானே" என்றுதான் ஆரம்பித்திருக்கும்.

ஆலைக் கழிவு நீரில் கரைந்திருக்கும் பொருட்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். நீச்சல் குளத்து நீரில் உப்பு மட்டுமே 3,000 முதல் 4,000 மில்லிகிராம். சாயப்பட்டறைக்காரர் விட்டால் குற்றம், தோப்பு வீட்டுக்காரர் விட்டால் பொழுதுபோக்கா?

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில், காலி செய்யாமல் இருப்பது. வடிகட்டி ஒழுங்காக ஓடினால் அதே நீரைப் பல வருஷம் வைத்துக்கொள்ளலாம். தரையில் விரிசலை அடைக்க வேண்டும் என்றால், பக்கத்தில் தார்ப்பாய் விரித்த தற்காலிகத் தொட்டிக்கு நீரை மாற்றி, வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றலாம். வேறு வழியே இல்லை என்றால் பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் நகராட்சியின் அனுமதி வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதில் விடலாம். அந்த நிலையமும் உப்பை எடுக்காது, ஊர்க் கழிவு நீரோடு கலந்து அடர்த்தியைக் குறைக்கும், அவ்வளவுதான். டேங்கரில் கொண்டு போவதென்றால் 12,000 லிட்டர் லாரிக்கு ஏழு நடை. நிலம் இருப்பவர் உப்பளக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அடியில் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரித்து, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பினால் இந்த 75,000 லிட்டருக்குச் சுமார் 12 சென்ட் இடம் போதும். கோடையில் சில வாரங்களில் வற்றிவிடும். மிஞ்சும் உப்பை மூட்டை கட்டி, மண்ணில் படாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவருக்கு உப்புப் பிரச்சினை குறைவு. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது, குளத்து நீர் அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் குளோரின் முழுக்கப் போயிருக்க வேண்டும். மணலில் ஊற்றிப் பக்கத்து நல்ல தண்ணீர்க் கிணற்றைக் கெடுக்கவும் கூடாது.

இதெல்லாம் செலவு பிடிக்கும் வேலையாயிற்றே என்கிறீர்களா? ஆமாம், செலவுதான். அந்தச் செலவு யாருடையது என்பதுதான் கேள்வியே. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: மாசு செய்தவர்தான் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும். ஓடையில் திறந்து விடும்போது செலவு மறைந்து போவதில்லை. குளத்துக்காரரின் கணக்கிலிருந்து எடுத்து, கண்மாய்க்குக் கீழே நெல் போட்டவரின் கணக்கில் எழுதப்படுகிறது. அவரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

ஆகவே, உப்பு நீச்சல் குளம் கட்டித் தருகிறவர் கொடுக்கும் கொட்டேஷனிலேயே காலி செய்யும் வழியும் அதற்கான செலவும் இருக்க வேண்டும். ஊராட்சியும் நகராட்சியும் பிளான் அப்ரூவலின்போது "இந்தத் தண்ணி கடைசியில எங்க போகும்?" என்று கேட்க வேண்டும். பதில் இல்லாதவருக்கு அனுமதியும் இருக்கக் கூடாது.

நீச்சல் அடிக்க ஆசைப்படுவது தப்பில்லை. குளித்து முடித்த தண்ணீரை அடுத்தவன் வயலில் கொட்டுவதுதான் தப்பு.