செருப்புத் தைப்பது இழிவா?

நம்மவர் வாயில் வசவாக வழங்கும் சொற்களுள் கைத்தொழிலைப் பற்றியவை சில உண்டு. ஒருவனைத் தாழ்த்த வேண்டின், "நீ செருப்புத் தைக்கத்தான் லாயக்கு" என்பார்கள். ஒருத்தியின் வறுமையை இடித்துக் காட்ட வேண்டின், "ஒட்டுத் துணி கட்டினவள்" என்பார்கள். இவ்விரண்டு வசவுகளும் இன்று ஒரு புதிய இடத்தில் வந்து மோதுகின்றன. நம் வாலிபருள்ளும் யுவதியருள்ளும் சிலர் தோலை வாங்கி, அளந்து, வெட்டித் தம் சப்பாத்தைத் தாமே தைக்கக் கற்று வருகின்றனர்; பாட்டியின் பழஞ்சேலையைப் பிரித்துத் தம் மனத்துக்கு இசைந்த சட்டையாகவும் பாவாடையாகவும் மாற்றி உடுத்துகின்றனர். வீட்டுப் பெரியோர்களோ, "இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தோம்?" என்று சீறுகின்றனர். அச்சீற்றம் நியாயமற்றது என்பதே நாம் ஈண்டுச் சொல்லப் புகுவது.

பெரியோர்களே! "படித்தவன் செய்யத் தகாத வேலை" என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் வாயிலிருந்து பேசுவது படிப்பா, சாதியா? தோலைப் பதனிட்டவரையும் செருப்புத் தைத்தவரையும் நம் முன்னோர் ஊருக்குப் புறத்தே நிறுத்தினர். அஃதோடு விட்டார்களா? தாழ்த்தப்பட்டவர் மேல்சாதித் தெருவில் செருப்பணிந்து நடத்தலாகாது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே போதல் வேண்டும் என்று கட்டுப்பாடு செய்தனர். செய்த பொருள் எவன் காலிலும் ஏறலாம். செய்தவன் காலில் மட்டும் ஏறக் கூடாதாம்! இதனினும் விந்தையான நீதி உலகில் எங்கேனும் உண்டோ? திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் தம் மார்பைத் துணியால் மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடிபட்டு, உதைபட்டுப் போராடினர். 1859-ஆம் ஆண்டில்தான் அரசாங்கம் அதற்கு இணங்கிற்று. அப்போதும் மேல்சாதியார் உடுத்தும் முறையிலே உடுத்தலாகாதென்று தடை வைத்தே இணங்கிற்று. உடை ஒரு சில்லறை விஷயம் என்று தள்ளிப் பேசுவோர் இவ்வரலாற்றைப் படித்ததில்லை போலும்.

கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது இதெல்லாம் கடலோடு போயிற்றா? போகவில்லை. தோட்ட லயங்களிலும் சாதி பார்த்து வீடு பிரித்துக் கொடுத்த காலம் இருந்தது. துரை பூட்ஸ் அணிந்து நடந்தான். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வெறுங்காலோடு பால்மரம் வெட்டினர். அவர்கள் வெட்டிய பாலில் உலகத்தார் தம் சப்பாத்துக்கு அடி செய்துகொண்டனர். வெட்டியவர் காலில் முள் தைத்தது, அட்டை கடித்தது. அக்கால்களின் பேரப்பிள்ளை இன்று தன் காலுக்குத் தானே ஒரு சப்பாத்துத் தைத்துக்கொள்கிறான் என்றால் அதனைக் கண்டு வெட்கப்படுவது எந்த நியாயம்?

நிற்க. அத்தொழில் எத்தகையது என்பதையேனும் அறிந்துகொண்டு இகழக் கூடாதா? கையால் சப்பாத்துத் தைப்பவர் முதலில் இரண்டு காலையும் தனித்தனியே அளக்கின்றார். ஒருவருக்கே இடக்கால் ஓர் அளவாகவும் வலக்கால் வேறோர் அளவாகவும் இருப்பது வழக்கம். வெறுங்காலில் நடந்து வளர்ந்தவர் பாதமோ முன்புறம் அகன்றிருக்கும். அளவிற்கேற்ப மரத்தாலான கால் அச்சைச் செதுக்கியோ, இருக்கும் அச்சின்மீது தோல்துண்டு ஒட்டித் திருத்தியோ எடுத்துக்கொள்ளுகின்றார். பின்னர் மேல்தோலை வெட்டித் தைத்து, அவ்வச்சின்மீது இழுத்துப் போர்த்து, ஆணியடித்து நிறுத்துகின்றார். சுருக்கம் விழாமல் இழுக்கும் அந்தக் கைப்பக்குவம் ஒரு நாளில் வருவதன்று. தோல் அச்சின் உருவை ஏற்குமட்டும் நாட்கணக்கில் அப்படியே விட்டு வைக்கின்றார். அதன் பிறகு ஊசியால் துளையிட்டு, மெழுகேற்றிய நூலின் இரு முனைகளையும் ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்தி இறுக்குகின்றார். இத்தையலில் ஒன்று அறுந்தாலும் அடுத்தது பிரிந்து வராது. அடித்தோல் தேய்ந்தால் அதனை மட்டும் பிரித்தெடுத்துப் புதியது தைக்கலாம். மேல்பகுதி பல்லாண்டு உழைக்கும்.

கடையில் வாங்கும் மலிவுச் சப்பாத்தின் சேதி என்ன? அடியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆன அடிக்கு நம் நாட்டுப் புழுக்கமே எமன். காற்றின் ஈரம் அதனுட் புகுந்து மெல்ல மெல்லச் சிதைக்கும். அணியாமல் அலமாரியில் பூட்டி வைத்த சப்பாத்து, கலியாண வீட்டு வாசலில் பிட்டுப் போல உதிர்ந்து விழுவதை எத்தனை பேர் பார்த்திருக்கின்றீர்கள்! அச்சப்பாத்தை வாங்கியதில் வராத வெட்கம், பிள்ளை ஒன்று தைத்ததில் வந்துவிடுகின்றது.

வேற்றினத்தார் செய்யின் நம்மவர் கண் வேறு விதமாகப் பார்க்கின்றது. ஜிம்மி சூ 1948-இல் பினாங்கில் பிறந்தவர். செருப்புத் தைக்கும் தகப்பனாருக்கு மகன். தகப்பனாரிடம் சிறுவயதிலேயே தொழில் கற்று, இலண்டனில் அத்தொழிலுக்கென்றே இருந்த கல்லூரியில் பயின்று, இளவரசி டயானாவுக்குச் சப்பாத்துச் செய்து கொடுத்தார். டத்தோ பட்டமும் பெற்றார். அவர் பெயர் பொறித்த சப்பாத்தைக் கண்ணாடிக்குள் கண்டு நம்மவர் மூச்சு விட மறந்து நிற்கின்றனர். அந்தச் சீனத் தகப்பனாரும் "செருப்புத் தைப்பது இழிவு, குமாஸ்தா வேலைக்குப் போ" என்று மகனை விரட்டியிருந்தால்? இன்னொன்று கேளுங்கள். மகாராஷ்டிரத்துக் கோலாப்பூரில் தோல்தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்து வரும் செருப்பைப் போன்றதொன்றை 2025 ஜூன் மாதம் இத்தாலிய நாட்டுப் பிராடா நிறுவனம் மிலான் நகர மேடையில் ஏற்றிற்று. எங்கிருந்து எடுத்தது என்று முதலில் சொல்லவில்லை. இந்தியாவில் கூக்குரல் எழுந்த பிறகே இந்தியக் கைவினையிலிருந்து பெற்றது என ஒப்புக்கொண்டது. மிலானில் ஏறினால் கலை, கோலாப்பூர்த் தெருவில் கிடந்தால் இழிதொழில்! வெள்ளைக்காரன் நற்சாட்சி கொடுக்கும் வரையில் நம் கைவேலை நம் கண்ணுக்கே தெரிவதில்லை.

துணியின் கதைக்கு வருவோம். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று பழமொழி சொல்லித் திரிகின்றோம். கந்தையைக் கசக்கினால் மட்டும் போதுமா? பிரித்துத் தைத்தால் அது கந்தையாகவே இராதே! கழுத்துப்பட்டி நைந்த சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைத்துத் தைத்தால் அச்சட்டை இன்னும் சில ஆண்டு மரியாதையோடு உழைக்கும். நம் வீட்டுப் பெண்கள் பழஞ்சேலையைத் தொட்டிலாக்கினர், பாவாடையாக்கினர், பல துண்டுகளை அடுக்கித் தைத்து விரிப்பாக்கினர். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட நாளில் துணி கிடைக்காமல் கோணிச் சாக்கையும் தைத்து உடுத்திய மக்கள் நம் மக்கள். அதே போர்க்காலத்தில் இங்கிலாந்தில் துணிக்குப் பங்கீடு வைத்தார்கள்; பழந்துணியைத் திருத்தி உடுப்பது எப்படி என்று 1943-இல் வர்த்தக இலாகாவே புத்தகம் அச்சிட்டு மக்களுக்குக் கற்பித்தது. அவர்கள் அதனைத் தேசபக்தி என்றார்கள். நாம் நம் தாய்மாரின் கைத்திறனைத் தரித்திரம் என்று மறைத்து வைத்தோம்.

மலிவுத் துணி எப்படி மலிவாகின்றது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? 2013 ஏப்ரல் 24-ஆம் நாள், வங்காள தேசத்து டாக்கா நகருக்கு அருகே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்தது. அதனுள் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. 1,100 பேருக்கு மேல் மாண்டனர். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டிருந்தும் தொழிலாளரை உள்ளே அனுப்பினர். பெருநாளுக்குப் பெருநாள் வாங்கி இரண்டு தரம் உடுத்தி எறியும் சட்டையின் தையலில் அத்தகையோர் கை இருக்கின்றது. கூலிக்காரர் வமிசத்தில் வந்த நாம் இதை அறியாதவர்போல் நடிக்கலாமா?

"இது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, தோட்டத்தானுக்கு ஆகுமா?" என்று ஒரு சாரார் கேட்கின்றனர். கேட்கத் தக்க கேள்விதான். கையால் தைத்த சப்பாத்தின் விலை, யந்திரச் சப்பாத்தின் விலையைப்போல் பன்மடங்காகும். நான்கு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாயை நோக்கி, "மலிவுச் சப்பாத்து வாங்காதே" என்று சொல்ல எவனுக்கும் வாயில்லை, நாம் சொல்லவுமில்லை. யந்திரம் ஏழையின் காலுக்கும் சப்பாத்துக் கொடுத்தது, அதனை வாழ்த்துகின்றோம். கையால் செய்ததெல்லாம் புனிதம் என்று பஜனை பாடவும் நாம் வரவில்லை. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு பாலாற்றை என்ன பாடு படுத்திற்று என்பதை அங்குள்ளோர் அறிவர். தோலை யார் கை தைத்தாலும் அப்பழி நீங்காது. ஆயினும் துணியைத் திருத்தி உடுக்கப் பணம் வேண்டா. ஊசியும் நூலும் போதும்; வீட்டில் ஒரு தையல் யந்திரம் இருப்பின் அதிகம். கடைக்காரன் எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்துக் கொடுப்பதை விட்டு, தன் உடம்புக்கும் தன் ரசனைக்கும் தானே அளவெடுத்துக்கொள்ளும் சுதந்தரம் ஏழைக்கும் உண்டு என்பதே நம் கட்சி.

சீறும் பெரியோர்களை இனி ஒன்று கேட்கின்றோம். அஞ்சடியில் மரப்பெட்டியோடு குந்தியிருந்து அறுந்த வாரைத் தைத்துக் கொடுக்கும் கிழவரை நீங்கள் எவ்வாறு அழைக்கின்றீர்கள்? "ஐயா" என்றா, "ஏய்" என்றா? பேரங்காடியில் எழுதிய விலையை மூச்சுவிடாமல் கொடுத்துவிட்டு, அவரிடம் மட்டும் இரண்டு வெள்ளிக்கு வாதாடுவதேன்? நம் சங்கங்கள் பெண்களுக்கெனத் தையல் வகுப்பு நடத்துமானால், அதில் ஆண்பிள்ளைகளையும் ஏன் உட்கார வைக்கலாகாது? அக்கிழவரையே ஆசிரியராக்கி, நாற்காலி போட்டு, சம்பளமும் கொடுத்துத் தோல் வேலையைக் கற்பிக்கச் சொல்லலாகாதா? வருகிற ஆண்டுக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர எந்தச் சங்கம் முன்வருகின்றது, பார்ப்போம். எதிர்த்துக் கை தூக்குவோர் தம் காலில் என்ன அணிந்து வந்திருக்கின்றனர் என்பதையும் அன்று குனிந்து பார்ப்போம்.