கல்லும் ஃபிளெக்சும்

கடந்த கோடையில், தஞ்சையில் நாம் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு ஃபிளெக்ஸ் பலகை முளைத்தது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற வழக்கமான தலைப்பு. இருபுறமும் எரியும் குத்துவிளக்கு. மேலே பறக்கும் புறா. நடுவில் நீலக் கண்களும் வெள்ளை முகமுமாக ஒரு சைபீரியன் ஹஸ்கி நாய். பெயர் ஸ்நோயி. தோற்றம், மறைவு இரண்டுக்கும் தேதி போட்டிருந்தார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் மூன்று வயதுகூட நிரம்பவில்லை. கீழே, உள்ளூரிலும் வெளிநாடுகளிலுமாக ஆற்றொணாத் துயரில் வாடும் குடும்பத்தினரின் பெயர்கள் இரண்டு வரிசையாக இருந்தன.

இதை இலக்கிய நண்பர்கள் இருவரிடம் சொன்னோம். முதலாமவர் சிரித்தார். குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று ஊரே மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாய்க்கு அஞ்சலிப் பலகையா, மனிதனுக்கே சோறில்லாத நாட்டில் இது வர்க்கத் திமிரன்றி வேறென்ன என்று கேட்டார். இரண்டாமவர் கண் கலங்கினார். உயிர்களிடத்தில் அன்பு வைப்பதிலும் கணக்குப் பார்க்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. இருவரும் தவறு என்பது நம் எண்ணம். அதைச் சற்று விரிவாகச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் சிரித்தவருக்கு.

நாயை இழிவின் அளவுகோலாகக் கொள்ளும் பழக்கம் நம் இலக்கியத்தில் உண்டு, மறுப்பதற்கில்லை. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியபோதெல்லாம் நாயைத்தான் துணைக்கு அழைக்கிறார். ஆனால் அதே மரபில்தான் நாலடியாரின் நட்பாராய்தல் அதிகாரமும் இருக்கிறது. யானை தன்னை அறிந்த பாகனையே கொல்லும். நாயோ, உடையவன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் அவனைப் பார்த்து வாலாட்டும். ஆகவே நாயனையாரின் நட்பைக் கொள்க என்கிறது அது. ‘நாயே’ என்று திட்டுவதற்கு முன் தமிழறிந்தவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டுக் கதை ஒன்றையும் நினைவூட்டுகிறோம். திருவிடைமருதூர்க் கோயிலின் கிழக்கு வாசலில் பட்டினத்தாரும் மேற்கு வாசலில் பத்திரகிரியாரும் இருந்தார்கள் என்பது வழக்கு. இருவர் சிலைகளையும் இன்றும் அங்கே காணலாம். அரசு துறந்து வந்த பத்திரகிரியாரிடம் ஒரு திருவோடும் ஒரு நாயும் மட்டும் இருந்தன. பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், தம்மிடம் ஒன்றுமில்லை என்றும், மேலைக் கோபுரத்தில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ என்றும் சொல்லி அனுப்பினாராம். அதைக் கேட்ட சீடர் மனம் நொந்து ஓட்டை வீசி எறிய, அது பட்டு நாய் இறந்தது. நாய் வளர்ப்பவனெல்லாம் பற்றறுக்காத சம்சாரி என்பதற்கு இக்கதையை மேற்கோள் காட்டுவோர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மீதிக் கதை வேறு மாதிரி. அந்த நாய் காசி அரசனின் மகளாகப் பிறந்து, பத்திரகிரியாரைத் தேடி வந்து, அவரோடு சேர்ந்தே முத்தியடைந்தது. கேலி பேசிய குரு திருவொற்றியூர் வரை நடந்து காத்திருக்க வேண்டியதாயிற்று. நாய்க்கு முன்பும் சோறு மிச்சமில்லாத காலம் அது. ஆண்டியின் ஓட்டில் விழுந்ததில் ஒரு பங்குதான் அதற்கும் கிடைத்திருக்கும். சோற்றுக் கணக்கை வைத்து நாயைப் பழிப்பவர்களுக்குக் கதை சாதகமாக இல்லை.

அன்றியும், நெல் விளையும் இந்த நாட்டில் நாய் வந்தேறியன்று. களத்தில் நெல் குவிந்திருந்தபோது இரவெல்லாம் விழித்திருந்தது அது. அறுவடைக்குப் பின் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடுகளோடு வந்து வயல்களில் கிடை போடும் கீதாரிகளோடு நாய்களும் நடந்து வருகின்றன. (சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’யைப் படித்தவர்களுக்கு அவ்வாழ்வு புதிதன்று.) நம் நாய்கள் சோறு தின்பதும் நம் வறுமையின் அடையாளம் மட்டுமன்று. ஓநாயைக் காட்டிலும் மாவுப் பொருளைச் செரிக்கும் திறன் நாய்க்கு மிகுதி என்றும், அதற்குரிய மரபணுவின் படிகள் அதனிடம் பெருகியுள்ளன என்றும் 2013இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உழவனோடு உண்டு உழவனோடு மாறிய விலங்கு அது. அதற்குச் சோறிடுவது திமிர் அல்ல.

இனி, கண் கலங்கியவருக்கு. நம் சண்டை உண்மையில் இவரோடுதான்.

ஸ்நோயி எப்படி இறந்தது என்பதைப் பலகை சொல்லவில்லை. நம் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் வேலைக்கு வரும் அம்மாள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அன்று பராமரிப்புப் பணிக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை. முதல் நாள் நாளிதழிலேயே அறிவிப்பு வந்திருந்தது. வீட்டார் கும்பகோணத்தில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தார்கள். நாயை வழக்கம்போல் குளிர்சாதன அறையில் விட்டு, சன்னல்களை மூடிவிட்டுச் சென்றிருந்தார்கள். இன்வெர்ட்டரில் விளக்கு எரியும், விசிறி சுற்றும், குளிர்சாதனம் ஓடாது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவ வந்த அம்மாள்தான் கதவைத் திறந்து பார்த்து, ஈரச் சாக்கைப் போர்த்தி, ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் தூக்கிப் போனார். பயனில்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்க்காது. பாதங்களில் சிறிது வியர்வை உண்டு. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது தன் உடம்பைத் தணித்துக்கொள்ள வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பம் 38, 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஹஸ்கியோ சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த இனம். அதன் உடம்பில் இரட்டை அடுக்கு உரோமம். அதைக் கொண்டுவந்து சித்திரை வெயிலில் தஞ்சையில் பூட்டி வைப்பதற்கு ‘அன்பு’ என்று பெயரிட்டால், அகராதியைத்தான் திருத்த வேண்டும்.

பக் நாயின் கதையும் இதுவே. 2003இல் ஹட்ச் நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் அந்தச் சப்பை மூக்கு நாய் ஓடியது. உடனே நாடெங்கும் அதற்கு மவுசு ஏறியது. மூச்சிரைத்தே உடலைத் தணிக்க வேண்டிய விலங்குக்கு மூச்சுவிடவே மூக்கில்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. 2024இல் தமிழக அரசு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டது. நம் வெப்பநிலைக்குப் பொருந்தாத ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்டு முதலிய இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்றது. உடனே எதிர்ப்பு எழுந்தது; விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. சட்ட நுணுக்கங்களை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வாங்குபவன் இல்லாமல் விற்பவன் இல்லை என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

அப்படியானால் நாட்டு நாயே தீர்வு என்று ஒரு சாரார் மார் தட்டுவார்கள். இராசபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் தலை வெளியிட்டார்கள் என்பதையும் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் வேட்டைக்கும் காவலுக்கும் ஆன அந்த நாயை மூன்றாவது மாடியில் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப் போட்டுப் படம் எடுப்பது எந்த வகையில் ஹஸ்கியைப் பூட்டுவதைவிட மேல்? பாசத்துக்குப் பதில் பெருமிதம் வந்திருக்கிறது. நாயின் நிலை மாறவில்லை.

‘செல்லம்’ என்ற சொல்லையும் ‘பேணல்’ என்ற சொல்லையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். செல்லம் கொடுப்பவன் தனக்கு எது மகிழ்ச்சி என்று பார்க்கிறான். பேணுபவன் எதிரே இருப்பதற்கு எது தேவை என்று பார்க்கிறான். பிறந்தநாளுக்கு நாய்க்குத் தொப்பி போட்டு சாக்லேட் கேக் ஊட்டுவது செல்லம். சாக்லேட்டும் திராட்சையும் வெங்காயமும் நாய்க்கு நஞ்சு என்று அறிந்து விலக்குவது பேணல். சைவ வீடு என்பதால் ஆயுள் முழுவதும் தயிர்சாதம் மட்டுமே போட்டு, ‘எங்கள் நாய்கூட ஆசாரம்’ என்று பூரிப்பது செல்லம். சோறு செரித்தாலும் அதற்குப் புரதம் வேண்டும் என்று கேட்டறிவது பேணல். தார்ச்சாலை சுடுவதற்கு முன், விடிகாலையில் அதனோடு நடப்பது பேணல். தடுப்பூசித் தேதியை நினைவில் வைப்பது பேணல். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள இடமில்லை என்று தஞ்சைக்காரன் சொல்ல முடியாது.

பெயர்களைப் பாருங்கள். தொல்காப்பியர் மரபியலில் நாயின் இளமைக்குக் குருளை என்றும், பெண் நாய்க்குப் பாட்டி என்றும் பெயர் தருகிறார். விலங்கை விலங்காகவே பார்த்து, அதற்கென்று சொல் வைத்த மொழி இது. இன்று நாய்க்குட்டி ‘பேபி’ ஆகிவிட்டது. ‘எங்கள் மகன்’ என்று அறிமுகம் செய்கிறார்கள். பிள்ளைகள் கடல் கடந்து போன பெரிய வீடுகளில் அந்த வெற்றிடத்தை நாய் நிரப்புகிறது என்பது நமக்குப் புரியாமலில்லை. அந்தத் தனிமையைக் கேலி செய்யும் எண்ணமும் இல்லை. ஆனால் மகனாக இருக்கும் வேலையை ஒரு நாயின் தலையில் சுமத்தினால், அது நாயாக இருக்கும் உரிமையைப் பறிக்கிறோம். மோப்பம் பிடிக்க, மண் தோண்ட, ஓட, குரைக்க அதற்கு இடமில்லை. கொஞ்சுவதற்கு மட்டும் ஆள் இருக்கிறது.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் அது நேர்மையாகாது.

ஸ்நோயியைக் குளிப்பாட்டியவர் அவர். கழிவை அள்ளியவர் அவர். ஆறு மாதம் முன்பு சோறு வைக்கும்போது நாய் அவர் கையைக் கடித்தது. தடுப்பூசிக் கெடு தாண்டியிருந்தது. ‘வீட்டு நாய்தானே, ஒன்றும் ஆகாது’ என்று சொன்னார்கள். தமிழகத்தில் 2024இல் மட்டும் ஏறத்தாழ 4.8 இலட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநோயால் 43 பேர் இறந்தார்கள். அந்நோய் கண்டபின் பிழைப்பது அநேகமாக இல்லை. நல்லவேளையாக அந்த அம்மாள் யார் பேச்சையும் கேட்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய், முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு ஊசிகளும் போட்டுக்கொண்டார். நான்கு அரைநாள் கூலி போயிற்று.

அந்த வீட்டில் நாயின் கிண்ணம் சமையலறையில் இருக்கும். அந்த அம்மாள் காபி குடிக்கும் டம்ளர் கொல்லைக் குழாயடியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். சோழ நாட்டின் பழைய வீடுகளில் யார் எதுவரை வரலாம் என்பதற்குத் திண்ணை, ரேழி, கூடம் என்று எல்லைகள் இருந்தன. நாய் அந்த எல்லைகள் அனைத்தையும் கடந்து மெத்தைக்கே வந்துவிட்டது. அதைக் குளிப்பாட்டுகிறவர் இன்னும் கொல்லையில் நிற்கிறார். சிரித்த நண்பர் இதைத்தான் சொல்ல வந்தார் என்றால் அவரோடு உடன்படுகிறோம். ஆனால் குற்றவாளி நாய் அன்று.

இதை அடுத்த வீட்டுக் குற்றமாக மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. நம் வீட்டிலும் அந்த டம்ளர் தனியாகத்தான் இருந்தது. ‘அவர்களே அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்’ என்று நாமும் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த நான்கு நாட்களில் நாம் முதலில் கவனித்தது அவர் கையிலிருந்த கட்டை அல்ல, கழுவாமல் கிடந்த பாத்திரங்களை. இப்போது டம்ளர் அலமாரிக்கு வந்துவிட்டது. ஒரு நாயின் சாவு வரை அதற்குக் காத்திருந்தோம் என்பதில் பெருமைப்பட ஏதுமில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கும் போரில் பட்ட ஒரு வீரனுக்காக நட்ட கல். அவன் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்தும் நாம் அந்த நாயைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

தெருமுனை ஃபிளெக்ஸ் இரண்டு வாரத்தில் வெளுத்து, ஒரு காற்றில் கிழிந்து போயிற்று. அது கிழியும் முன் ஒருமுறை நின்று முழுவதும் படித்தோம். நாயைப் பற்றிப் பெயரும் இரண்டு தேதிகளும் தவிர அதில் ஒரு சொல் இல்லை; மற்றவை அனைத்தும் அழுதவர்களின் பெயர்கள். ஈரச் சாக்கோடு ஆட்டோவில் போனவரின் பெயர் அவற்றில் இல்லை.