திங்கட்கிழமைத் தண்ணீர்

சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்றால் தொழிற்சாலைப் பேருந்துகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை கைப்பேசியும் குளிர்பதனப் பெட்டியும் காரும் செய்கிற பகுதி இது. இப்படிப்பட்ட ஊரில் பள்ளிக் குடிநீர் என்று பேச்செடுத்தால், எல்லோர் பார்வையும் ஆலைப் பக்கம்தான் திரும்பும். கழிவு நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறதா என்ற கேள்வி நியாயமானது. அதற்குத் தனி ஆய்வு வேண்டும். ஆனால் காரீயத்தைத் தேடுவதென்றால் முதலில் போக வேண்டிய இடம் பள்ளிக்கூடத்துக் குழாயடி. ஆலையும் ஆழ்துளைக் கிணறும் அதற்கு அப்புறம்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகங்களைக் குறிக்கும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசத்துக்குப் பேர்போன ஈயச் சொம்பு செய்வதும் வெள்ளீயத்தில். அதை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை, கலப்படம் இல்லாதவரை. நாம் பேசுவது காரீயத்தைப் பற்றி. பேட்டரியில் இருப்பது, பழைய பெயின்டில் இருந்தது, ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்தது எல்லாம் இதுதான். உடலுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. குழந்தையின் குடல் பெரியவர்களின் குடலைவிடப் பல மடங்கு அதிகமாக இதை உறிஞ்சும். இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைக்கு இன்னும் கூடுதல். எலும்பில் போய்த் தங்கும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வாந்தி, காய்ச்சல் என்று எதுவும் உடனே தெரியாது. பாடத்தில் கவனம் நிற்காத பிள்ளையைப் பார்த்து யாரும் தண்ணீரைச் சந்தேகிப்பதில்லை.

இது எங்கோ நடக்கிற கதையும் அல்ல. சென்னையில் 3 முதல் 7 வயதுவரை உள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் எட்டினாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். புழுதி, பெயின்ட், கலப்பட மஞ்சள்தூள், பாத்திரம் என்று வழிகள் பல. தண்ணீர் அவற்றில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் நாமே அளந்து, நாமே சரிசெய்யக்கூடிய வழி என்பதால் அதை எடுத்துக்கொள்கிறோம்.

தண்ணீரில் எவ்வளவு இருக்கலாம்? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரம், 2012 முதல் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்கிறது. 1991இல் வந்த முந்தைய பதிப்பில் இது ஐந்து மடங்கு, அதாவது 0.05. இந்தப் புதிய அளவு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிறைய தண்ணீர் இருந்தால், அதில் மொத்தம் 10 மில்லிகிராம் காரீயம்தான் இருக்கலாம். ஓர் அரிசியின் எடையில் ஏறக்குறைய பாதி.

அதனால்தான் டி.டி.எஸ். மீட்டர் இங்கே உதவாது. ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர் பேனா போன்ற கருவியை டம்ளரில் முக்கி, 640 என்று காட்டி, தன் இயந்திரத்துத் தண்ணீரில் 60 என்று காட்டுவார். அந்த எண் தண்ணீரில் கரைந்த எல்லா உப்புகளின் கூட்டுக்கணக்கு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே அந்தக் கருவிக்கு எண்ணத் தெரியாது. காரீயத்தின் வரம்போ அதில் நூறில் ஒரு பங்கு. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து கொடுத்திருக்கும் களப் பரிசோதனைப் பெட்டியும் நல்ல கருவிதான். கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட், இரும்பு, எஞ்சிய குளோரின் போன்றவற்றை அதில் பார்க்கலாம். காரீயத்தைப் பார்க்க முடியாது.

இனிக் காரீயம் வரும் வழி. பித்தளைக் குழாய் கடைசலில் எளிதாகக் கடைபடுவதற்காகப் பித்தளையோடு சிறிதளவு காரீயம் சேர்ப்பது பழைய வழக்கம். வாட்டர் கூலருக்குள் பற்றவைத்த இணைப்புகளில் அது இருக்கலாம். பி.வி.சி. குழாய் சூட்டில் கெடாமலிருக்கக் காரீயச் சேர்மங்களைச் சேர்த்து வந்தார்கள். இதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021இல்தான் தனி விதிகள் கொண்டுவந்தது. அதற்கு முன் பதித்த குழாய்கள் இன்னும் சுவருக்குள் இருக்கின்றன. ஏரித் தண்ணீரோ போர் தண்ணீரோ, மேல்நிலைத் தொட்டிவரை சுத்தமாக வந்துவிட்டுக் கடைசிச் சில மீட்டரில் காரீயத்தை வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014இல் நடந்தது இதன் பெரிய வடிவம். ஆற்று நீருக்கு மாறினார்கள். ஆற்றில் காரீயம் கொட்டிக்கிடக்கவில்லை. அரிக்கும் தன்மையுள்ள அந்த நீர் பழைய குழாய்களைக் கரைத்தது. கட்டடம் புதிது என்பதும் காப்பாகாது. 2015இல் ஹாங்காங்கின் புதிய குடியிருப்புகளில் காரீயம் வந்தது, குழாய்களைப் பற்றவைத்த இடத்திலிருந்து.

எந்தத் தண்ணீர் அதிகம் அரிக்கும்? உப்புக் குறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள தண்ணீர். கடினத்தன்மையுள்ள தண்ணீர் குழாயின் உட்புறத்தில் ஒரு படிவம் பூசிவிடும். அது ஓரளவு தடுக்கும். இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு நிறுவனங்கள் சி.எஸ்.ஆர். நிதியில் ஆர்.ஓ. இயந்திரம் தருகின்றன. ஆர்.ஓ. சவ்வு காரீயத்தை நன்றாகவே வடிகட்டும். ஆனால் அதிலிருந்து வெளிவரும் உப்பற்ற தண்ணீர் ஒரு பித்தளைக் குழாய் வழியாகக் கூலருக்குப் போனால், வடிகட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. இயந்திரத்துக்கு உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் மட்டும் சோதித்தால் போதாது. பிள்ளை டம்ளர் பிடிக்கும் இடத்தில் சோதிக்க வேண்டும்.

கரைவதற்கு நேரமும் வேண்டும். குழாயில் தண்ணீர் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறதோ அவ்வளவு காரீயம் சேரும். வெள்ளிக்கிழமை மாலை மூடிய குழாய் திங்கட்கிழமை காலையில் திறக்கும்போது வருவதுதான் மோசமான தண்ணீர். அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்தபின் அந்த முதல் தண்ணீருக்கு ஒரு புதிய பயன் வந்திருக்கிறது: அது உப்புமாச் சட்டிக்குப் போகிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். காரீயம் போகாது, தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடும்.

ஆகவே மாதிரி எடுக்கும் முறைதான் சோதனையின் பாதி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பள்ளிகளுக்குச் சொல்லும் முறை எளிமையானது. குழாயை 8 முதல் 18 மணி நேரம் யாரும் திறக்காமல் விட வேண்டும். காலையில் முதலில் வரும் 250 மில்லி தண்ணீரை, ஒரு துளியும் வீணாக்காமல், வாயகன்ற சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஏன் 250? அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு 150 முதல் 200 மில்லி நிற்கும். ஆக, அந்தப் பாட்டிலுக்குள் வருவது குழாய்முனையும் அதை ஒட்டிய துண்டும் மட்டுமே. பிறகு அரை நிமிடம் ஓடவிட்டு இன்னொரு பாட்டில். முதலாவதில் அதிகம், இரண்டாவதில் குறைவு என்றால் குற்றவாளி குழாய்முனை. அதை மாற்றச் சில நூறு ரூபாய் ஆகும். இரண்டிலும் அதிகம் என்றால் சுவருக்குள்ளோ தொட்டியிலோ கிணற்றிலோ தேட வேண்டும்.

நம் பழக்கம் இதற்கு நேர்மாறு. “கொஞ்சம் தண்ணிய விட்டுட்டுப் புடிங்க சார்” என்பார் டேங்க் ஆபரேட்டர். அவர் சொல்வதில் கபடமில்லை. கிருமிச் சோதனைக்கு அப்படித்தான் பிடிக்க வேண்டும். காரீயத்துக்கு அப்படிப் பிடித்தால் முடிவு நன்றாக வரும், தண்ணீர் நன்றாக இருக்காது. முந்தைய இரவே குழாயை ஓடவிடச் சொன்னதற்காக ஃபிளின்ட் அதிகாரிகள் பின்னாளில் கடுமையான விமர்சனத்துக்கு ஆளானார்கள்.

ஆய்வக அறிக்கையிலும் ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும். “கண்டறியும் அளவுக்குக் கீழ்” என்று வந்தால், எது அந்த அளவு என்று கேளுங்கள். 0.05 மில்லிகிராமுக்குக் கீழே காண முடியாத கருவி, வரம்பைப் போல நான்கு மடங்கு காரீயம் இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லும். 0.005 அல்லது அதற்கும் கீழே காணக்கூடிய ஆய்வகம் வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் சென்னையில் உண்டு. காரீயம் பார்ப்பீர்களா, எந்த அளவுவரை பார்ப்பீர்கள் என்ற இரண்டையும் கேட்டுவிட்டுப் பாட்டிலைக் கொடுப்பது நல்லது.

எல்லாப் பள்ளியிலும் காரீயம் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. பல குழாய்களில் ஒன்றும் இருக்காது. இருக்கிறதா இல்லையா என்பதைச் சரியாக எடுத்த ஒரு மாதிரியே சொல்லும். பள்ளி மேலாண்மைக் குழு ஒரு தீர்மானம் போட்டால் நடக்கக்கூடிய காரியம் இது. அதுவரை தினமும் காலையில் ஒவ்வொரு குழாயிலும் முதல் வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுச் சமையலுக்குப் பிடியுங்கள். சோதனைக்குப் பிடிக்கும் காலையில் மட்டும் அந்த முதல் தண்ணீர் பாட்டிலுக்குப் போக வேண்டும்.