கீரிமலைக்குக் குளிக்கப் போவோம்



"அவளுக்கு இப்ப ஊர் சுற்றுறது ஒரு கேடா?" கணவரை இழந்த பெண்ணொருத்தி சும்மா ஒரு நாள் படலையைத் தாண்டினால் எழும் கேள்வி இது. அவள் கச்சேரிக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். காணாமற்போனவரைத் தேடி எத்தனை அலுவலகப் படிகளும் ஏறலாம். அதை ஊர் பொறுத்துக்கொள்கிறது. மனம் ஆறுவதற்காகப் போனால் மட்டும் அது குற்றமாகிவிடுகிறது.

பெண்கள் குழுவொன்று ஒரே நாளில் போய்வரக்கூடிய ஒரு பயணத்தைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். கந்தரோடை, கீரிமலை, காரைநகர் ஆகிய மூன்று இடங்களும் நாங்கள் பெயரறிந்தவைதான். வரலாறு சொல்லத் தெரிந்த ஆசிரியை ஒருவரையும் கூட்டிக்கொண்டு, வெயில் ஏறமுன்னர் கந்தரோடையில் தொடங்கலாம்.

சுன்னாகத்துக்கு அருகே சுண்ணக்கல்லாலும் முருகைக்கல்லாலும் ஆன சிறிய தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. போல் பீரிஸ் 1917ஆம் ஆண்டளவில் இங்கே ஆய்வு செய்தார். 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூதனசாலைக் குழுவினர் அகழ்ந்தபோது கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முன்னரே மக்கள் சமைத்து உண்டு வாழ்ந்த ஊர் இது. இந்தச் சின்னங்கள் யாருக்குச் சொந்தம் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் பீரிஸ் கண்டெடுத்த பொருட்களில் ஒன்றை நாங்கள் மறக்கக்கூடாது. அது கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் குச்சி. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்த மண்ணில் ஒருத்தி அதைக் கையில் எடுத்திருப்பாள். மையும் பொட்டும் எங்களில் எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அங்கே நின்று ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள்.

அடுத்தது, தெல்லிப்பழை, மாவிட்டபுரம் வழியாகக் கீரிமலை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின்னர் நீண்ட காலம் இந்தப் பக்கம் சுதந்திரமாக வரமுடியாதிருந்தது. எங்களில் பலர் கீரிமலைக்கு வருவது ஆடி அமாவாசைக்கும் அந்தியேட்டிக்குந்தான். அழுதுவிட்டுத் திரும்பும் இடமாகவே அதை அறிந்திருக்கிறோம். ஆனால் குதிரை முகத்தோடும் தீராத நோயோடும் வந்த மாருதப்புரவீகவல்லி என்ற இளவரசி நீராடிச் சுகம் பெற்றதும் இந்தத் தீர்த்தத்திலேதான் என்பது ஐதீகம். அங்கே பெண்களுக்கெனச் சுவரால் மறைக்கப்பட்ட தனிக் கேணி உண்டு. குறுக்குக்கட்டோடு இறங்கலாம்.

வருடம் முழுவதும் ஓடும் ஆறு எங்கள் குடாநாட்டில் இல்லை. பெய்யும் மழை சுண்ணக்கல் இடுக்குகளால் இறங்கி நிலத்துக்குள் தங்குகிறது. அதில் ஒரு பங்கே இங்கே கடலோரத்தில் ஊற்றாக வருகிறது. பக்கத்தில் உப்புக்கடல் இருக்க, கேணியில் நல்ல தண்ணீர் ஊறுவது இதனால்தான்.

மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை முடித்துக்கொண்டு பொன்னாலைப் பாலத்தால் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போகலாம். கரையிலிருந்து நெடுந்தூரம் ஆழமில்லாத கடல் அது. முகக்கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு நீரில் முகத்தைத் தாழ்த்தினாலே போதும். மணலின் வரிகளும் ஓடித்திரியும் சிறுமீன்களும் தெரியும். காரைநகர், மண்டைதீவு, புங்குடுதீவுப் பகுதிகளின் முருகைக்கற்பாறைகளை ஆராய்ந்தவர்கள், இலங்கையில் அதுவரை பதிவாகாத 36 முருகை இனங்களை உறுதிசெய்து 2021இல் வெளியிட்டார்கள். கடலுக்குள் முருகை கல் அல்ல. நுண்ணிய உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. காலால் மிதிக்கவோ உடைத்தெடுக்கவோ கூடாது. அதைப் பார்க்க ஆழத்துக்குப் போவதென்றால், நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும், உயிர்காப்பு அங்கியோடு, அந்தக் கடலை நன்கறிந்த ஒருவருடன் போகவேண்டும்.

"கடலோரத்தில் பிறந்தோம், நீந்தத் தெரியாது" என்று நாங்கள் சிரித்துக்கொண்டே சொல்வோம். அது சிரிக்கிற விடயம் அல்ல. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் 146 ஆண்கள் இறந்தபோது 391 பெண்கள் இறந்ததாகக் காட்டப்பட்டது. பெண்கள் பிள்ளைகளைத் தேடி நின்றார்கள். நீந்தவும் மரமேறவும் அவர்களுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. ஆகவே தண்ணீரில் மிதக்கப் பழகுவது சொகுசு அல்ல. உங்கள் மகளுக்கும் அதைப் பழக்குங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2009இல் நந்திக்கடல் நீரைக் கடந்து வந்த சகோதரிகள் எங்களிடையே இருக்கிறார்கள். தண்ணீரைக் கண்டதும் அவர்களுக்கு அந்த நாள் நினைவுக்கு வரலாம். யாரையும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கரையில் இருந்து கால் நனைப்பதும் போதும். ஒருத்தி அழுதால் அழட்டும். பக்கத்தில் ஒருவர் இருங்கள். அவயவம் இழந்தவர்களுக்குக் கேணிப் படியில் துணைக்கு இருவர் வேண்டும். வாடைக்காற்று வீசும் மாரிகாலத்தில் கடலில் இறங்க வேண்டாம்.

செலவுக்கு என்ன செய்வது? சேமிப்புக் குழுவில் மாதாமாதம் ஒரு சிறு தொகையைத் தனியே போட்டு வாருங்கள். யாரிடமும் கைநீட்டாமல், உங்கள் காசில் போகும் பயணத்தை ஊர் எளிதில் குறைசொல்ல முடியாது. அப்படியும் சொன்னால், கேள்வி கேட்கும் அந்த மாமியையும் வானில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவருக்கும் ஆறாத துயரம் ஒன்று இருக்கும்.

அடுத்த கூட்டத்தில் கடன் கணக்கும் வட்டிக் கணக்கும் பார்த்து முடிந்ததும் கொப்பியை மூடிவிடாதீர்கள். பயணத்துக்கு ஒரு திகதியை எழுதிவிட்டு மூடுங்கள்.