தேர்தல் யோசனைக்குக் கூலி

நமது அரசியலில் ஒரு புதிய உத்தியோகம் வேரூன்றிவிட்டது. அதற்குத் தேர்தல் வியூக ஆலோசகர் என்று பெயர். இவர் அபேட்சகராக நிற்பதில்லை. கட்சியின் அங்கத்தினராக இருக்க வேண்டுமென்ற அவசியமும் இல்லை. சன்மானம் பெற்றுக்கொண்டு, எந்த ஊரில் எதைப் பேசுவது, எந்தப் பாட்டை ஒலிக்கச் செய்வது, யாரை நிறுத்தினால் ஜெயிக்கும் என்று சொல்லிக் கொடுப்பார். வோட்டு எண்ணி முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ராஜ்யத்துக்குப் போய்விடுவார்.

இத்தொழில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1933-ல் கலிபோர்னியாவில் கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்னும் இருவர் தேர்தல் பிரசாரத்துக்கென்றே ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் கவர்னர் பதவிக்கு நின்ற அப்டன் சிங்க்ளேர் ஒரு நாவலாசிரியர். அவருடைய கதாபாத்திரங்கள் பேசிய பேச்சுக்களையே அவருடைய சொந்த அபிப்பிராயங்களைப்போல் வெளியிட்டு, அவரைத் தோற்கடிக்க உதவினார்கள். தொழிலின் சாமர்த்தியமும் ஆபத்தும் பிறப்பிலேயே வெளிப்பட்டுவிட்டன.

நம் தேசத்தில் இதற்குப் பெயர் தேடிக் கொடுத்தவர் பீஹாரைச் சேர்ந்த பிரசாந்த் கிஷோர். 2014-ல் நரேந்திர மோடிக்கு வேலை செய்தார். 2015-ல் மோடியை எதிர்த்த நிதீஷ் குமாருக்கு வேலை செய்தார். 2017-ல் பஞ்சாபில் காங்கிரஸ் ஜெயித்தது. அதே வருஷம் உத்தரப் பிரதேசத்தில் தோற்றது. இரண்டிலும் அவர் யோசனை இருந்தது. 2020 பிப்ரவரியில் தி.மு.க. அவருடைய ஐ-பேக் ஸ்தாபனத்தை அமர்த்திக்கொண்டது. எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. முன்பு தி.மு.க.வுக்கு யோசனை சொன்ன சுனில் கனுகோலு, 2021-ல் அ.தி.மு.க.வுக்கு யோசனை சொன்னார்! வக்கீல் இன்று வாதிக்கும் நாளை பிரதிவாதிக்கும் பேசலாம். அது அவர் தொழில். ஆனால் கட்சியின் உயிர் கொள்கையல்லவா? அதை வக்காலத்துக்கு விட முடியுமா?

ஆலோசகர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. தலைவரின் முகம் பார்த்துப் பொய்க் கணக்குச் சொல்லும் பிரமுகர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள். வீடு வீடாக விசாரித்து உள்ளதை உள்ளபடி சொல்பவன் தலைவனுக்கு உபகாரியே. ஆனால் அவன் கணக்கு எதுவரை செல்லும் என்பதற்குச் சேந்தமங்கலமே சாட்சி.

நம் ராஜ்யத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சட்டசபைத் தொகுதிகள் இரண்டே: கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம் ஒன்று, ஏற்காடு மற்றொன்று. 2021-ல் சேந்தமங்கலத்தில் தி.மு.க. வென்றது, ஏற்காட்டில் அ.தி.மு.க. வென்றது. நாமக்கல் ஜில்லாவின் 6 ஸ்தானங்களில் 4 தி.மு.க. கூட்டணிக்குக் கிடைத்தன, சேலம் ஜில்லாவின் 11-ல் ஒன்றுதான் கிடைத்தது. யோசனை ஒன்று, பாட்டு ஒன்று. பலன் மட்டும் நேர்மாறு. காரணம் என்ன? சேலம், அப்போதைய முதல் மந்திரி எடப்பாடி பழனிசாமியின் சொந்த ஜில்லா. சேந்தமங்கலத்திலோ, பதவியிலிருந்த அ.தி.மு.க. அங்கத்தினருக்கு மறுமுறை ஸ்தானம் கொடுக்கப்படவில்லை. அவர் சுயேச்சையாக நின்றுவிட்டார். இவற்றை அறிய ஐ-பேக் வேண்டுமா? சந்தைக்கு வந்துபோகும் எந்தத் தொண்டனும் சொல்லியிருப்பான்.

அந்தத் தேர்தலுக்கு முன், ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ என்று ஊர்தோறும் மனுக்கள் வாங்கினார்கள். ஆட்சிக்கு வந்தால் 100 நாளில் தீர்ப்பதாக வாக்களித்தார்கள். ஜெயித்தபின் அம்மனுக்களைக் கவனிக்கத் தனி இலாகா ஏற்பட்டது. மனு தீர்ந்ததோ தீரவில்லையோ, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? முதல் மந்திரியும், கட்சியின் உள்ளூர்த் தொண்டனுமே. பெட்டி வைக்க யோசனை சொன்னவரை எந்தக் குடியானவனும் தேடிப் போய்க் கேட்க முடியாது.

கிஷோரின் சொந்த அநுபவமும் இதையே காட்டுகிறது. 2022 அக்டோபர் 2-ந் தேதி சம்பாரண் ஜில்லாவிலிருந்து பாத யாத்திரை புறப்பட்டார். 2024-ல் ஜன் சுராஜ் கட்சியை ஆரம்பித்தார். 2025-ல் நடந்த பீஹார்த் தேர்தலில் 243 ஸ்தானங்களில் ஒன்றுகூட அக்கட்சிக்குக் கிடைக்கவில்லை. பிறருக்குக் கிரீடம் சூட்டியவருக்குத் தம் கட்சிக்கு ஒரு ஸ்தானம் தேட முடியவில்லை! நடந்ததற்காக அவரைப் பரிகசிக்க வேண்டாம். கூலி வாங்காமல் தாமே ஜனங்கள்முன் வந்தது மெச்சத்தக்கதே. ஆனால் அதே சம்பாரணில் 1917-ல் காந்தியடிகளும் சகாக்களும் ஆயிரக்கணக்கான அவுரிக் குடியானவர்களின் வாக்குமூலங்களை எழுதிக்கொண்டார்கள். எழுதியதோடு நிற்கவில்லை, விசாரணைக் கமிட்டி அமைந்து, கட்டாய அவுரிச் சாகுபடி ஒழியும்வரை போராடினார்கள், கிராமங்களில் பள்ளிக்கூடங்களும் வைத்தார்கள். கேட்டவரே பொறுப்பேற்றார். இதுவே அரசியல், மற்றது வியாபாரம்.

ஆகவே நாம் சொல்வது இரண்டு. முதலாவது, கணக்கு. 2021-ல் இங்கே ஓர் அபேட்சகர் 30 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்குமேல் செலவு செய்யக்கூடாது என்பது சட்டம். கட்சியின் செலவுக்கோ வரம்பே இல்லை. ஆலோசகருக்குக் கொடுத்த கூலியைக் கட்சிகள் தங்கள் ஜில்லா மகாநாடுகளில் அங்கத்தினர் அறிய வாசிக்க வேண்டும். இரண்டாவது, அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொகுதித் தொண்டர்களுடையது. அதை எந்தக் கம்பெனியிடமும் ஒப்படைக்கக் கூடாது.

தொண்டர்களே! கொல்லிமலைக் கிராமங்களின் குறைகளைக் கேட்டு எழுதும் நோட்டுப் புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். தேர்தல் முடிந்த மறுநாளும் அங்கே இருக்கப் போகிறவர்கள் நீங்கள்தான்.