படம் எடுத்தவருக்குப் பதில் வேண்டும்

பேரையூரில் ஒருவர் அந்தி நேரத்தில் தோட்டத்திலிருந்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேற்கே, மலைக்கு மேலே பளீர் என்று ஒரு வெளிச்சம்! நகர்வது போலவும் இருக்கிறது. நிற்பது போலவும் இருக்கிறது. அவர் செல்போனை எடுத்து நாலு படம் பிடிக்கிறார்.

அந்தப் படங்களை யாரிடம் கொடுப்பது? போலீஸ் நிலையத்திலா? தாலுகா ஆபீசிலா? கொடுத்தால், "பறக்கும் தட்டா? போய் வேலையைப் பாருமய்யா!" என்றுதான் சொல்வார்கள்.

இது நடக்காத கதை அல்ல. 2023 ஜூலை மாதம், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் வானில் இனம் தெரியாத பொருள்களைக் கண்டதாக, ஓய்வு பெற்ற போலீஸ் உயர் அதிகாரி ஒருவரே சொன்னார். படங்களையும் வெளியிட்டார்.

அமெரிக்காவில் நடந்த ஒரு விசாரணையைப் பார்ப்போம்.

1965 ஆகஸ்டு 3-ந் தேதி. கலிபோர்னியாவில், சாண்டா அனா என்ற ஊருக்கு அருகே நெடுஞ்சாலை இலாகா ஊழியர் ஒருவர் வேனில் போய்க்கொண்டிருந்தார். பட்டப்பகல். தொப்பி போன்ற ஒரு பொருள் சாலைக்கு மேலே பறந்ததாம். வேலைக்காக அவரிடம் ஒரு போலராய்டு காமிரா இருந்தது. வண்டிக்குள் இருந்தபடியே மூன்று படம் எடுத்தார். பிறகு, அது விட்டுச்சென்ற புகை வளையம் என்று நாலாவது படம்.

செய்தி பத்திரிகையில் வந்தது. அமெரிக்க விமானப்படை விசாரித்தது. அவர்கள் கையாண்ட முறை கெட்டிக்காரத்தனமானது. சாலையின் நடுவே உள்ள வெள்ளைக் கோட்டை அளவுகோலாக வைத்தார்கள். கோடும் தெளிவு; தட்டும் தெளிவு; தூரத்துக் காட்சி மட்டும் மங்கல். ஆகவே தட்டு காமிராவுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். குறுக்களவு 1 அடி முதல் 3 அடிக்குள்தான் என்று கணக்கிட்டார்கள். "மோசடி" என்று முடிவு கட்டினார்கள்.

அவரோ கடைசி வரை, "நான் கண்டது நிஜம்" என்றே சொன்னார். போலராய்டு படத்துக்கு நெகடிவ் கிடையாது. அசல் படங்களை ராணுவ அதிகாரி என்று சொல்லி வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். பின்னர் விஞ்ஞானிகள் குழு ஒன்று ஆராய்ந்தது. சிறு மூடியை நூலில் தொங்கவிட்டும் இப்படிப் படம் எடுக்கலாம் என்று காட்டியது. எடுக்கலாம், சரி, அவர் அப்படித்தான் எடுத்தாரா? அதற்குச் சாட்சி இல்லை. ஆனாலும் "மோசடி" என்ற சொல் அந்த மனிதர்மேல் விழுந்துவிட்டது.

விமானப்படை 1969-ல் இந்த விசாரணைப் பிரிவையே மூடிவிட்டது. வந்த புகார்கள் 12,618. விளங்காமல் நின்றவை 701.

நம் நாட்டில் நடந்தது வேறு மாதிரி. 2012 ஆகஸ்டிலிருந்து ஆறு மாதம், லடாக் எல்லையில் நமது ராணுவத்தினர் வானில் ஒளிப்பொருள்களைக் கண்டார்கள். சீனாவின் உளவு விமானங்களோ என்று சந்தேகம். 329 தடவை பார்த்ததாகக் குறித்து வைத்தார்கள். வான் இயற்பியல் நிறுவனத்து விஞ்ஞானிகள் வந்து, நேரத்தையும் திசையையும் ஒப்பிட்டார்கள். மாலையில் தெரிந்தது வியாழன். விடியற்காலையில் தெரிந்தது வெள்ளி! ஜவான்களை யாரும் புளுகர் என்று சொல்லவில்லை. அவர்கள் எழுதி வைத்த கணக்கைக் கொண்டுதான் உண்மை வெளியே வந்தது.

ஜவானுக்குக் கிடைத்த இந்த மரியாதை, குடியானவருக்கும் கிடைக்க வேண்டும்.

பிரான்சு நாட்டில் கிடைக்கிறது. அங்கே அரசாங்க விண்வெளி நிலையம் 1977-ல் இதற்கென்றே ஒரு பிரிவை ஏற்படுத்தியது. யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். ஆராய்ந்து, முடிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். விளங்காததை "விளங்கவில்லை" என்றே எழுதுகிறார்கள்.

நமக்குப் பெரிய செலவு ஆகாது. லடாக் மர்மத்தை விடுவித்த அதே நிறுவனத்தின் வான் ஆராய்ச்சிக் கூடம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. ஒரு விண்ணப்பப் படிவம், அதைப் படிக்க ஓர் அதிகாரி, பதில் போட ஒரு தபால் கார்டு. அரசாங்கம் இதைச் செய்யலாமே!

அதுவரை, வானில் ஏதேனும் கண்டால் மணியையும் திசையையும் குறித்து வையுங்கள். படத்தில் ஒரு பனைமரமோ, மின்சாரக் கம்பமோ சேர்ந்து விழட்டும். அளந்து பார்க்க உதவும். நண்பர்களுக்கு அனுப்பினாலும், அசல் படத்தை வெட்டாமல், அழிக்காமல் உங்களிடமே வைத்திருங்கள்.