வலியை விட்டுவிட்டு மாத்திரையைப் பிடுங்குகிறவர்கள்

‘பழகிட்டான்.’ இந்த ஒரே சொல்லில் எங்கள் கணக்கை முடித்துவிடுகிறார்கள். மாத்திரைக்குப் பழகிட்டான், மன உறுதி இல்ல, நிறுத்துனா சரியாப் போயிடும். சொல்கிறவர்கள் யார்? ஒரு நாளும் மூட்டை ஏறாத முதுகுக்காரர்கள்.

நான் சுமை தூக்கியவன். முதுகெலும்புத் தட்டு விலகி, ஆறு வருசம் டிராமடால் தின்றவன். எழுதிக் கொடுத்தவர் ஒரு மருத்துவர். ஓய்வு கொடுக்கவில்லை, உடற்பயிற்சி சொல்லித் தரவில்லை. ‘ஒழைக்கிற ஒடம்புதானே, தாங்கும்’ என்றார். பிறகு ஒருநாள் ‘இனிமே கிடையாது, போ’ என்றதும் அதே வாய்தான்.

2018 ஏப்ரலில் டிராமடாலைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தார்கள். மிட்டாய் மாதிரி விற்றதைக் கட்டுப்படுத்தியது நியாயம்தான். ஆனால் நோயாளிக்குச் சீட்டு எழுதக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. மருத்துவரின் பயம் சொன்னது. அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது யார் உடம்பு?

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? கொட்டாவி, மூக்கொழுகல், வேர்வை, பேதி, கால் குடைச்சல், ராத்திரி பூரா தூக்கமில்லை. டிராமடாலில் சிலருக்குத் தலைக்குள் கரண்டு அடிச்ச மாதிரி இருக்கும். போதாததற்குப் பழைய வலி இரண்டு மடங்காகத் திரும்பி வரும். இது ஒழுக்கக்கேடு அல்ல. நெடுநாள் தின்ற உடம்பு மருந்தைச் சார்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். கேடு என்று தெரிந்தும் விட முடியாமல் தேடி அலைவது போதை நோய். அது வேறு, இது வேறு. அந்த நோய் உள்ளவனுக்கும் தேவை வைத்தியம்தான், வசவு அல்ல.

இது ஒரு ஊர், ஒரு மருத்துவர் விவகாரம் இல்லை தோழர்களே. அமெரிக்காவைப் பாருங்கள். 1996 முதல் ஆக்ஸிகான்டின் மாத்திரையைப் பயமில்லாமல் தின்னலாம் என்று பர்டியூ கம்பெனி கூவிக்கூவி விற்றது. 2020இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நடுவில், 2016இல் அரசின் நோய்த் தடுப்பு மையம் அளவைக் குறைக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. அதையே சாட்டையாக்கி நோயாளிகளுக்கு ஒரே வெட்டாக வெட்டினார்கள். 2019இல் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே எச்சரிக்க வேண்டியதாயிற்று: திடீர் நிறுத்தம் தாங்காத வலியிலும் தற்கொலையிலும் போய் முடிகிறது என்று. 2022இல் வழிகாட்டுதலையே திருத்தி எழுதினார்கள்.

அதே நாட்டில் 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வொன்றில் வெள்ளை மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டார்கள். கறுப்பர் தோல் தடிப்பானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது பாதிப்பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பரின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ‘ஒழைக்கிற ஒடம்பு தாங்கும்’ என்ற பேச்சு எந்தக் குலத்தில் பிறந்தது என்று இப்போது புரிகிறதா?

மாத்திரையை விடவே கூடாது என்கிறேனா? இல்லை. நெடுநாள் தின்றால் சிலருக்கு அந்த மருந்தே வலியைக் கூட்டுகிறது. மலச்சிக்கல், மந்தம், அளவு மீறினால் வலிப்பு, மூச்சடைப்பு. நான் விட்டேன். ஒரே நாளில் இல்லை, ஒரு வருசத்துக்கு மேல் எடுத்து விட்டேன், வேறொரு மருத்துவர் துணையோடு. வருசக்கணக்கில் தின்றவர்களுக்கு மாதம் பத்து சதவீதம், அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பதே தாங்கும். முடியாதபோது அதே அளவில் நின்றுகொள்ளலாம். நிற்பது தோல்வி இல்லை. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: குறைத்த பிறகு பழைய அளவைத் திரும்ப எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். உடம்பு அந்தத் தாங்குதிறனை இழந்திருக்கும்.

வலி இன்னும் இருக்கிறது. ஆனா இப்ப அதுக்கு வைத்தியம் பாக்கிறாங்க. பயிற்சி இருக்கு, ஒத்தடம் இருக்கு, வேற மருந்து இருக்கு, நம்புகிற ஒரு ஆள் இருக்கு.

ஆகவே கேட்கிறோம். அரசு மருத்துவமனைகள்தோறும் நாள்பட்ட வலிக்குத் தனிப் பிரிவு வை. மாத்திரையைக் குறைக்கும் மாதங்களில் மூட்டை தூக்க முடியாது, அந்தக் கூலியை நல வாரியம் கொடு. மருத்துவம் படிக்கிற நம் பிள்ளைகளே, உங்கள் முன் உட்கார்ந்திருப்பவன் ‘வலிக்குது’ என்றால் முதலில் நம்புங்கள். அளவை அப்புறம் பேசலாம். அதையும் அவனைக் கேட்டே பேசுங்கள்.